எவிட்டாவின் வீட்டுக்குள் – கடிதம்

வணக்கம்.

மேடை நாடகங்களைப் பற்றி நீங்கள் சென்ற வாரம் எழுதியதில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவில், தீவிரமான நாடகங்கள் போய்ச் சேராத இடத்துக்கு ஆப்பிரிகான்ஸ் மொழியில் வந்த ஒரு கேலி நாடகம் போய்ச் சேர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் டர்பனில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். உடன் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரும் ஜூலுக்களும்தான். அவர்களுக்கு ஆப்பிரிகான்ஸ் என்றாலே போலீஸ்காரனின் மொழி. அங்கே கேலி நாடகங்கள் எழுதி நடித்த பீட்டர்-டிர்க் அய்ஸைப் பற்றி ஒருவரிடம் கேட்டபோது, "பொம்பளை வேஷம் போடுகிற வெள்ளைக்காரர்தானே" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த நாடகம் எது, எங்கே, எப்போது நடந்தது? தடை செய்தார்கள் என்கிறார்கள். தடை செய்யப்பட்ட ஒன்று எப்படி அவ்வளவு கூட்டத்தை இழுத்தது? எல்லாவற்றையும்விட, வெளியே பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே உட்கார்ந்து வெள்ளையர்கள் சிரித்ததை ஏன் பெரிய விஷயமாகச் சொல்கிறீர்கள்? சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் அல்லவா? கேலிக்கூத்து என்று நாம் எதைச் சொல்வோமோ அதுதானே இது?

விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

அருள்

*

அன்புள்ள அருள்,

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆனால் கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் அது வெறும் அபிப்பிராயமாகப் போய்விடும், அதனால் முதலில் கதை.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 'ஒரு கேலி நாடகம்' என்று ஒருமையில் எழுதியது என் தவறு. பீட்டர்-டிர்க் அய்ஸ் 1970களிலிருந்து பல நாடகங்கள் எழுதினார், தனியாளாகப் பல நிகழ்ச்சிகள் நடத்தினார், பெயர்கள் மாறின, அரங்குகள் மாறின. ஆனால் எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவர் மேடையேற்றியது ஒரே வீட்டைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடவுளுக்குப் பயந்த, விருந்தாளிகளைக் குறைவில்லாமல் உபசரிக்கிற, தன் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று மனதார நம்புகிற ஓர் ஆப்பிரிகானர் வீடு, அதாவது ஆப்பிரிகான்ஸ் பேசுகிற, டச்சு வழிவந்த வெள்ளையர் வீடு. அந்த வீட்டின் கதவு எப்படித் திறந்தது என்பதுதான் இந்த மேடை வரலாறு.

இதைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். 1832இல் கேப் டவுனில் போனிஃபாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்த மதுவிலக்குச் சங்கத்தாரைக் கிண்டலடித்து டச்சு மொழியில் ஒரு நாடகம் எழுதினார். அதில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய் மக்கள் பேசுகிற இடங்களில் மட்டும் பேச்சு உடைந்து வேறொன்றாகிறது. இன்று ஆப்பிரிகான்ஸ் என்று சொல்லப்படும் மொழியின் இளம் பருவம் அது. ஆறு வருடம் கழித்து, 1838இல், கிரஹாம்ஸ்டவுன் என்ற ஊரில், சாலை போடுகிற வேலையில் பெயர் வாங்கிய ஆண்ட்ரூ கெட்டெஸ் பெய்ன் ஒரு வேடிக்கைப் பாட்டை மேடையேற்றினார். பாட்டின் நாயகி பெயர் காட்யே கெக்கல்பெக். கெக்கல்பெக் என்றால் வாயாடி. 'என் பெயர் காட்யே கெக்கல்பெக், நான் காட் ஆற்றங்கரையிலிருந்து வருகிறேன்' என்று ஆரம்பித்து, தான் குடிப்பதையும் திருடுவதையும் மிஷனரிகளுக்குக் கொடுக்கிற அல்வாவையும் அரைகுறை ஆங்கிலமும் டச்சும் கலந்து அவளே பாடுவாள். ஒரு கொய் பெண்ணை வெள்ளைக்கார ஊர் சேர்ந்து பார்த்துச் சிரிப்பதற்காக எழுதப்பட்ட பாட்டு. இன்று வாசிக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

ஆப்பிரிகான்ஸ் மேடைக்கு வந்த விதம் இதுதான். வேலைக்காரர்களின் வாயில், கேலி செய்யப்படுவதற்காக. 'சமையலறை மொழி' என்றுதான் அதைச் சொன்னார்கள், படித்தவர்கள் வெளியில் பேசக் கூச்சப்பட்டார்கள். நூறு வருடம்கூட ஆகவில்லை, 1925இல் அதே மொழி ஆட்சிமொழி ஆயிற்று. அப்புறம் அது சர்ச்சில் ஏறியது, பாடப்புத்தகத்தில் ஏறியது, 1948க்குப் பிறகு நிறவெறிச் சட்டங்களின் வாசகமாகவும் ஆனது. சமையலறையிலிருந்து வரவேற்பறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட பிறகு அந்த மொழியைப் பார்த்துச் சிரிப்பது துரோகமாகிவிட்டது. வெளியே இருந்து ஆங்கிலேயர்கள் சிரித்தால் அது பழைய அவமானத்தின் தொடர்ச்சி, பொருட்படுத்த வேண்டாம். வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் அதே மொழியில் சிரித்தால் என்ன செய்வது? அய்ஸ் உள்ளே வருவது இந்த இடத்தில்.

அவர் 1945இல் கேப் டவுனில் பிறந்தவர். அப்பா ஆப்பிரிகானர், அசல் அந்த வீட்டுக்காரர். அம்மா ஹெல்கா பாசெல் பெர்லினில் பிறந்த பியானோ கலைஞர், யூதர் என்பதற்காக நாஜிகள் அவருடைய இசை வாழ்க்கையைப் பறித்தார்கள், அதன் பிறகு தென்னாப்பிரிக்கா வந்து சேர்ந்தவர். அம்மா யூதர் என்பதே மகனுக்கு அவர் இறந்த பிறகுதான் தெரியவந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெயர் வரும்போது தேவைப்படும்.

1972இல் கேப் டவுனில் 'ஸ்பேஸ்' என்ற சிறிய அரங்கு தொடங்கியது. பிரையன் ஆஸ்ட்பரி, நடிகை இவான் பிரைஸ்லேண்ட், நாடகாசிரியர் அத்தோல் ஃப்யூகார்ட் மூவரும் சேர்ந்து ஆரம்பித்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே அரங்கில் உட்காரக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். அதற்கு முந்தின வருடம்தான் அதே ஊரில் அரசாங்கம் கோடிகளைக் கொட்டி நிகோ மாலன் என்ற பெரிய அரங்கத்தை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று திறந்தது. ஸ்பேஸ்காரர்கள் தங்கள் இடத்தை உறுப்பினர்களுக்கான கிளப் என்று வைத்துக்கொண்டு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். அய்ஸின் ஆரம்ப நாடகங்களில் ஒன்றான 'செல்லெ ஓ ஸ்டோரி', அதாவது 'அதே பழைய கதை', அந்தச் சூழலில் வந்தது. தலைப்பே புத்தக ஆப்பிரிகான்ஸ் கிடையாது, வாய்வழக்கு. ஆங்கிலமும் ஆப்பிரிகான்ஸும் நகரத்து இளைஞர்கள் கலந்து பேசுகிற மாதிரியே மேடையில் வந்தது. தணிக்கை அதைத் தடை செய்தது. அடுத்து 'கார்னிவால்' என்றொரு நாடகம், அதற்கும் தடை.

தணிக்கையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'தடை செய்தும் எப்படிக் கூட்டம் வந்தது' என்ற உங்கள் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. 1974இல் வந்த வெளியீடுகள் சட்டம் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போகிற வழியை அடைத்தது. முறையீடு என்றால் அரசு நியமித்த மேல்முறையீட்டு வாரியத்திடம்தான் போக வேண்டும். அதே 1974இல் ஆந்த்ரே பிரிங்கின் நாவலைத் தடை செய்தார்கள், ஆப்பிரிகான்ஸில் தடை செய்யப்பட்ட முதல் நாவல் அது. 1977இல் எத்தியென் லெரூவின் அங்கத நாவல் 'மாகர்ஸ்ஃபொன்டெய்ன்' தடை செய்யப்பட்டது. 1979இல் அதே நாவலுக்கு அந்த மொழியின் மிகப் பெரிய பரிசான ஹெர்ட்ஸாக் பரிசு கிடைத்தது, அப்போதும் தடை நீங்கவில்லை. 1980இல்தான் நீங்கியது. ஒரு பக்கம் மொழியின் பெருமை என்று மாலை போடுகிறார்கள், இன்னொரு பக்கம் அதே புத்தகத்தை விற்றால் குற்றம் என்கிறார்கள். இந்தக் குழப்பம் ஆப்பிரிகானர் சமூகத்துக்குள்ளேயே இருந்தது. வெளியார் அந்த மொழியில் எழுதி அவர்களைச் சீண்டியிருந்தால் எளிதாக ஒதுக்கியிருப்பார்கள். எழுதியவர்கள் எல்லோரும் சொந்தப் பிள்ளைகள்.

அய்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். தணிக்கைக்காரர்கள்தான் தன்னுடைய விளம்பரப் பிரிவு என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். தடை என்றால் செய்தித்தாளில் வரும், செய்தித்தாளில் வந்தால் அடுத்த நாடகத்துக்கு ஆட்கள் வருவார்கள். பிற்பாடு 1980இல் மேல்முறையீட்டு வாரியத்தின் தலைமை மாறியபோது அணுகுமுறையும் மாறியது. இந்த நாடகத்தை உண்மையில் யார் பார்க்கப்போகிறார்கள், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சிறிய அரங்கில் படித்தவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால் ஆபத்து ஒன்றுமில்லை, குக்கரின் வெயிட் போல ஆவி கொஞ்சம் வெளியேறட்டும் என்ற நினைப்பு. உங்கள் சந்தேகம் அருள், அந்த வாரியத்துக்கும் இருந்தது, அதை நம்பித்தான் அனுமதியே கொடுத்தார்கள்.

சரி, 1976க்கு வருகிறேன். அந்த ஒரு வருடத்தில் மூன்று விஷயங்கள் நடந்தன. ஜனவரியில் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆமாம், அதுவரை அரசாங்கம் அனுமதிக்கவில்லை, சமூகம் கெட்டுவிடும் என்று. ஜூன் 16 அன்று ஜொஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் கறுப்பினப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். கணக்கையும் சமூக அறிவியலையும் ஆப்பிரிகான்ஸில்தான் படிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்த ஊர்வலம், போலீஸ் சுட்டது. நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளைகள். அதே ஜூன் மாதம், சில நாட்கள் கழித்து, ஜொஹானஸ்பர்க்கின் நியூட்டவுன் பகுதியில் மார்க்கெட் தியேட்டர் திறந்தது. பார்னி சைமனும் மானி மானிமும் ஆரம்பித்தது. அந்தக் கட்டிடம் 1913இல் கட்டப்பட்ட பழைய இந்தியப் பழச்சந்தை, அதனால்தான் அந்தப் பெயர். வாழைப்பழமும் மாம்பழமும் குவித்து வைத்திருந்த கூடத்தில் எல்லா நிறத்து மக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அய்ஸின் கேலி நாடகங்களில் பெரிதும் பேசப்பட்ட 'டி ஃபான் ஆர்டெஸ் ஃபான் க்ரூட்டோர்' 1970களின் பிற்பகுதியில் இந்தப் பின்னணியில் வந்தது. 'க்ரூட்டோர் ஊர் ஃபான் ஆர்டெ குடும்பம்' என்று அர்த்தம். ஆர்டெ என்றால் மண், க்ரூட்டோர் என்றால் பெருங்காது. இது எதைக் கிண்டல் செய்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைப்பைக் கேட்டதுமே தெரிந்துவிடும். தொலைக்காட்சி இல்லாத அத்தனை வருடங்களும் ஆப்பிரிகானர் குடும்பங்கள் வானொலியில் தொடர்கதை கேட்டன, இன்ன ஊர் இன்ன குடும்பம் என்று பெயர் வைத்த பண்ணைக் குடும்பக் கதைகள். அதற்கு முன்னால் 1930களிலிருந்தே பண்ணை நாவல் என்று ஒரு வகையே அந்த மொழியில் உண்டு. நிலம், தந்தை, வாரிசு, வறட்சி, வாக்களிக்கப்பட்ட பூமி என்று போகும். அந்த நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, அதில் யார் கூலி வேலை செய்தார்கள் என்பது மட்டும் வராது. அய்ஸ் அந்தக் கதைச்சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே கேலியை நிரப்பினார். பார்க்க வந்தவர்கள் அந்தத் தொடர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களுக்கு ஒவ்வொரு திருப்பமும் பழக்கமானது. அதனால்தான் அது பிடித்தது, அதனால்தான் உறுத்தவும் செய்தது.

அடுத்தது எவிட்டா. 1978இல் அரசாங்கத்தின் தகவல் துறையில் பெரிய ஊழல் வெளியானது. மக்கள் பணத்தை ரகசியமாக எடுத்து, நிறவெறிக் கொள்கைக்கு ஆதரவு தேடவும், ஒரு நாளிதழ் நடத்தவும்கூடச் செலவு செய்திருந்தார்கள். பிரதமராக இருந்து குடியரசுத் தலைவரான ஃபோர்ஸ்டர் 1979இல் அந்தப் பதவியை விட்டுப்போனதற்கு அது முக்கியக் காரணம். அப்போது அய்ஸ் ஒரு ஞாயிறு பத்திரிகையில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். எழுத முடியாததை எழுத ஒரு வழி கண்டுபிடித்தார். தலைநகர் பிரிட்டோரியாவில் ஒரு விருந்து, அங்கே ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவி ஒருத்தி, கையில் கிளாஸுடன், "உனக்கு விஷயம் தெரியுமா" என்று தோழிகளிடம் வம்பு பேசுகிறாள். கட்டுரையாளர் எதுவும் சொல்லவில்லை, அந்த அம்மாள்தான் சொன்னாள். வாசகர்கள் அவளுக்கு எவிட்டா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், அர்ஜென்டினா அதிபரின் புகழ்பெற்ற மனைவி எவிட்டாவை வைத்து. முழுப்பெயர் எவிட்டா பெசெய்டன்ஹௌட்.

1981இல் மார்க்கெட் தியேட்டரில் 'அடாப்ட் ஆர் டை' என்ற தனிநபர் நிகழ்ச்சியில் அவள் உடலோடு மேடைக்கு வந்தாள். பி. டபிள்யூ. போத்தா பிரதமரானதும் தன் மக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை 'மாறு, இல்லாவிட்டால் செத்துப்போ' என்பது. அய்ஸ் தலைப்பில் ஒரே ஒரு ஆங்கில எழுத்தை மாற்றினார். நம் ஊரில் தலைக்கு டை அடிப்பது என்கிறோமே, அந்த டை. மாறு, இல்லாவிட்டால் சாயம் பூசிக்கொள். காதால் கேட்டால் பிரதமரின் வாசகம், சுவரொட்டியில் பார்த்தால் அதன் மீதான தீர்ப்பு. அரசாங்கம் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொண்டு செய்ததெல்லாம் சாயப் பூச்சுதான் என்பதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

'பொம்பளை வேஷம் போடுகிறவர்தானே' என்ற உங்கள் நண்பரின் பேச்சுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அய்ஸின் நிகழ்ச்சிப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, உட்கார்ந்து பாருங்கள். மேடையில் அலங்காரம் ஒன்றும் இருக்காது. சில பெட்டிகள், அவற்றில் தொப்பிகள், கண்ணாடிகள், விக்குகள். எல்லா மாற்றமும் நம் கண் முன்னால்தான் நடக்கிறது. ஒரு தொப்பியை எடுத்து வைக்கிறார், மூக்குக்கண்ணாடியை மாட்டுகிறார், நாக்கை ஒரு தடவை உதட்டில் சுழற்றிவிட்டு ஆட்காட்டி விரலை நீட்டி ஆட்டுகிறார், அவ்வளவுதான், போத்தா வந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றினால் போய்விடுகிறார். நாட்டையே நடுங்க வைத்தவர் ஒரு தொப்பியும் ஒரு விரலுமாகச் சுருங்கிவிடுகிறார்.

எவிட்டாவுக்கு அப்படி இல்லை. அதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறார். இமை ஒட்டுவது, உதட்டுக்குச் சாயம் தீட்டுவது, காதணியைப் போட்டுத் தலையை லேசாகச் சாய்த்துப் பார்ப்பது, கடைசியில் விக். இதையெல்லாம் பேசிக்கொண்டே செய்கிறார், எந்த வாக்கியத்தில் அவர் போய் அவள் வந்தாள் என்று பிடிக்க முடிவதில்லை. நான் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. குரலைக் கீச்சென்று ஆக்குவதில்லை, இடுப்பை ஆட்டுவதில்லை, பெண்ணைக் கேவலமாகக் காட்டுகிற ஒரு அசைவு கிடையாது. நன்றாக உடுத்திய, நன்றாகப் பேசுகிற, பார்த்தால் மரியாதை தோன்றுகிற அம்மாள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அமைச்சர் மனைவி 'இவள் நம்மில் ஒருத்தி' என்று நினைக்க வேண்டும், நினைத்த பிறகுதான் அவள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள் தைக்கும். இனிமையாக, தாய்ப்பாசத்தோடு, 'நம்முடைய கறுப்பர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்கிற தொனியில் பேசுகிறாள். திட்டினால் எதிர்த்துத் திட்டலாம். உங்கள் கருத்தை உங்களைவிட அழகாக ஒருத்தி சொல்லிவிட்டால் என்ன செய்ய முடியும்?

அவளுக்கு ஒரு குடும்பத்தையும் கொடுத்தார். கணவன் ஹாஸி, நாடாளுமன்ற உறுப்பினர். மகன்கள் டெ காக், இசான். மகள் பில்லி-ஜீன், அவள் பின்னால் ஒரு கறுப்பரைத் திருமணம் செய்துகொள்கிறாள், எவிட்டாவின் பேரக்குழந்தைகள் கறுப்பினக் குழந்தைகள் ஆகிறார்கள். இசான் என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து படியுங்கள், நாஜி என்று வரும். தன் அம்மாவை நாடு விட்டு ஓட வைத்தவர்களின் பெயரை அந்த நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு அய்ஸ் வைத்திருக்கிறார். எனக்கு இது வேடிக்கைக்காக வைத்த பெயராகத் தெரியவில்லை. ஒரு மகன் தன் அம்மாவுக்காக எழுதி வைத்த பெயர் அது.

எவிட்டா ஒரு நாட்டுக்குத் தூதராகவும் போனாள். பாபெட்டிகொஸ்வெட்டி என்று ஒரு கற்பனை நாடு. அப்போது அரசாங்கம் கறுப்பர்களுக்குத் தனித்தனி 'தாயகங்கள்' என்று நிலத்துண்டுகளை வெட்டி, 1976இல் டிரான்ஸ்கெய், 1977இல் போஃபுதட்ஸ்வானா என்று சுதந்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெந்த நாடும் அவற்றை அங்கீகரிக்கவில்லை. இல்லாத நாடுகளுக்குப் பிரிட்டோரியா நிஜமான தூதர்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது, இல்லாத தூதர் ஒருத்தியை இல்லாத நாட்டுக்கு அய்ஸ் அனுப்பினார். எது நிஜம், எது நாடகம் என்று பிரிக்க முடியாமல் போன காலம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சிரித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்களே?

போயிருப்பார்கள், பலர் அப்படித்தான் போயிருப்பார்கள். நிறவெறியை வீழ்த்தியது எவிட்டா இல்லை. சொவெட்டோவின் பிள்ளைகள், தொழிற்சங்கங்கள், சிறையில் கிடந்தவர்கள், நாடு கடந்து போனவர்கள், அவர்கள்தான் வீழ்த்தினார்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கறுப்பர்களின் சிரிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதே 1981இல் அதே மார்க்கெட் தியேட்டரில் 'வோசா ஆல்பர்ட்!' ஓடியது. பெர்சி ம்ட்வா, ம்போங்கெனி ங்கெமா என்ற இரண்டே நடிகர்கள். ஏசு நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பது கதை. வெள்ளைக்காரப் போலீஸ்காரனாக மாற அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு இளஞ்சிவப்புக் கோமாளி மூக்கு, பந்தைப் பாதியாக வெட்டி ரப்பர் நாடாவில் கட்டியது. மூக்கை மாட்டினால் வெள்ளையன், கழுத்துக்கு இறக்கினால் கறுப்பன். அந்த நாடகம் அடி வாங்குகிறவர்களின் பக்கத்திலிருந்து பேசியது, அதன் இடத்தை அய்ஸ் நிரப்ப முடியாது, நிரப்ப முயன்றதும் இல்லை.

ஆனால் அடிக்கிறவனின் வீட்டுக்குள் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வீடுகளில் வெளியே நடப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தொலைக்காட்சி அரசாங்கத்திடம் இருந்தது, சர்ச் அரசாங்கத்தின் பக்கம் இருந்தது, சாப்பாட்டு மேசையில் மழையைப் பற்றிப் பேசினார்கள். 1985 ஆகஸ்ட்டில் போத்தா டர்பனில் பேசியபோது பெரிய மாற்றங்களை அறிவிப்பார் என்று உலகமே காத்திருந்தது, அவர் விரலை ஆட்டிவிட்டு ஒன்றுமே கொடுக்காமல் போனார். அய்ஸ் அந்தப் பேச்சின் பெயரையே தலைப்பாக்கி அடுத்த நிகழ்ச்சியைப் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார். அந்த விரலை மேடையில் பார்த்துச் சிரித்த ஒருவர் மறுநாள் தொலைக்காட்சியில் நிஜ விரலைப் பார்க்கும்போது, நேற்றுவரை இருந்த பயபக்தியோடு பார்க்க முடியாது. நான் சொல்ல வந்தது அந்த அளவுதான். தணிக்கை வாரியம் ஆவி வெளியேறட்டும் என்று நினைத்தது. சிரித்த ஒரு விஷயத்தை மறுபடியும் பயத்தோடு பார்க்க மனிதர்களால் முடியாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்யேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1838இல் அந்த மொழியைப் பேசிய வேலைக்காரப் பெண்ணை எஜமானர்கள் மேடையேற்றிச் சிரித்தார்கள். 143 வருடம் கழித்து அதே மொழி பேசுகிற எஜமானியை அவளுடைய சொந்த மகன் மேடையேற்றினான். எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் மிகவும் பிடித்த இடம் இது. கேலிக்கூத்து என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற ஒரு வடிவம், தான் செய்த ஒரு பழைய அநியாயத்துக்கு அதே வடிவத்திலேயே ஈடு செய்திருக்கிறது.

1994க்குப் பிறகு எவிட்டாவின் வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். அந்த வருடமே அவள் தொலைக்காட்சியில் மண்டேலாவைப் பேட்டி கண்டாள், தென்னாப்பிரிக்காவின் மிகப் பிரபலமான வெள்ளைப் பெண் என்று அவளைச் சொல்வார்கள். 1996இல் கேப் டவுனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குமேல் காரில் போனால் வருகிற டார்லிங் என்ற சின்ன ஊரின் பழைய ரயில் நிலையத்தில் அய்ஸ் சொந்த அரங்கைத் திறந்தார். பெயர் 'எவிட்டா ஸெ பெரோன்'. ஆப்பிரிகான்ஸில் பெரோன் என்றால் ரயில்வே பிளாட்பாரம், அர்ஜென்டினாவின் எவிட்டாவின் குடும்பப் பெயரும் அதுதான். வெளியே தோட்டத்தில் நிறவெறிக் காலத்துச் சிலைகளையும் சின்னங்களையும் வைத்தார்கள். 2000க்குப் பிறகு அவர் பள்ளி பள்ளியாகப் போய் எய்ட்ஸைப் பற்றிப் பேசினார். ஒரு காலத்தில் அரசாங்கத்தின் பொய்யைச் சிரிக்க வைத்து உடைத்தவர், பிள்ளைகளின் பயத்தையும் அதே வழியில் உடைக்கப் பார்த்தார்.

உங்கள் டர்பன் நண்பர்கள் ஆப்பிரிகான்ஸைப் போலீஸ்காரனின் மொழி என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவர்கள் அதைக் கேட்டது அந்த வாயிலிருந்துதான். ஆனால் இன்று அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதவர்கள். அது உருவான சமையலறைகளில் கொய் மக்களும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் இருந்தார்கள். எவிட்டாவின் அம்மா பெயர் ஊமா ஒஸெவானியா காகெபீனியா. ஒஸெவா என்றால் மாட்டு வண்டி, காகெபீன்வா என்றால் ஆப்பிரிகானர்களின் முன்னோர் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்து போன அந்தப் புகழ்பெற்ற கூண்டு வண்டி. இனப் பெருமை முழுவதையும் அள்ளி ஒரு பாட்டியின் பெயரில் வைத்திருக்கிறார். அந்த வண்டிக்குள்ளே படுத்துக்கொள்ள மரச்சட்டத்தில் வார் பின்னிய ஒரு படுக்கை இருக்கும், குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதில்தான் பிறந்தார்கள். அதற்கு ஆப்பிரிகான்ஸில் பெயர் காட்டெல். கப்பலேறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்த நம்முடைய கட்டில்தான் அது. நண்பர்களிடம் அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.